மாடி வீட்டில் ஓர் இணைய இணைப்பு: கேபிள் இழுத்துப் பகிரும் முறை

ஒரே இணைப்பைக் கீழ்வீட்டுக்கும் மேல்மாடிக்கும் பகிர என்ன வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். மாடி விட்டு மாடி போக கேபிள். அந்தந்த மாடிக்குள் வைஃபை. பெரிய ரவுட்டருக்குக் கொடுக்க நினைக்கும் காசை நல்ல கேபிளுக்குக் கொடுங்கள்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில் இருக்கிறது. கீழே மாமாவும் மாமியும், நடுமாடியில் நாங்கள். மேல்மாடி அறை ஒன்றில் இருந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகள் சிலவற்றுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த அறையில் மகன் உயர்தர வகுப்புகளை இணையத்தில் கேட்கிறான். ஃபைபர் வந்து இறங்குவதோ கீழே, முன்பு தொலைபேசி இருந்த மூலையில். அதாவது வீட்டில் இணையம் அதிகம் தேவைப்படுகிறவர்கள் பெட்டியில் இருந்து மிகத் தூரத்தில் இருக்கிறோம். இலங்கையில் மாடி கட்டிய பல வீடுகளில் நிலைமை இதுதான் என்பதால், எங்கள் வீட்டில் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வைஃபை ஏன் மேலே வருவதில்லை என்று பார்ப்போம். மாடித் தளம் கொங்கிறீட். அதற்குள் இரும்புக் கம்பி வலை பின்னிக் கிடக்கிறது. வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை அதைத் தாண்டி ஓரளவு வரும். வேகம் கூடிய 5 கிகாஹேர்ட்ஸ் அலை ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடும். இன்னொன்றும் உண்டு. ரவுட்டரின் கொம்புகளை நேராக நிமிர்த்தி வைத்தால் அலை பக்கவாட்டில்தான் நன்றாகப் பரவும். கொம்பின் நுனிக்கு நேர் மேலே அது மிகக் குறைவு. ஆகவே ரவுட்டருக்கு நேர் மேலே உள்ள அறைக்குக்கூட நல்ல வைஃபை கிடைக்காமல் போகலாம். ஒரு கொம்பைப் படுக்க வைத்துப் பாருங்கள். காசில்லாத வைத்தியம். ஒரு தளத்துக்கு சில வீடுகளில் அதுவே போதும்.

போதாவிட்டால் கடையில் எடுத்து நீட்டுவது ரிப்பீட்டர். சுவர் பிளக்கில் குத்தினால் சரி என்பார்கள். ஒருவர் சொன்னதை முழுக்கக் கேட்டு முடித்து, அப்புறம்தான் அடுத்தவருக்குச் சொல்ல முடிகிற ஆள் மாதிரி, ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுக்கிற ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதோடு, வைஃபை செத்துப்போன இடத்தில் அதை வைத்தால் அது வாங்குவதற்கே ஒன்றும் இருக்காது. கைத்தொலைபேசியில் செய்தி பார்க்க அது போதும். வகுப்பு நடக்கும்போது ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வந்தால் பிள்ளை எதைப் படிப்பது?

மின்சார வயரிலேயே இணையத்தை அனுப்பும் பவர்லைன் சோடிப் பெட்டிகளும் கிடைக்கின்றன. சுவரில் ஓட்டை போடவே முடியாத வாடகை வீட்டுக்கு அவை ஒரு வழி. இரண்டு பெட்டியையும் நேராகச் சுவர் பிளக்கில் குத்த வேண்டும், நீட்டுப் பலகையிலோ யூபிஎஸ்ஸிலோ அல்ல. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இரண்டு மாடியும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது

கேட் 6 கேபிள். கிடைக்காவிட்டால் கேட் 5ஈ. இரண்டுமே 100 மீற்றர் வரை விநாடிக்கு 1000 மெகாபிட் கொண்டுபோகும்; மூன்று மாடி வீட்டுக்கு அது தாராளம். எண்ணை விட முக்கியமானது உள்ளே இருக்கும் கம்பி. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி, அசல் கேபிள் மாதிரியே விற்கிறார்கள். கையில் எடுத்தால் பாரம் குறைவாக இருக்கும். கடைக்காரரிடம் ஒரு நுனியைக் கேட்டு வாங்கி, மெல்லிய கம்பி ஒன்றை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருந்தால் வாங்கலாம். உள்ளே வெள்ளியாய் மின்னினால் வேண்டாம். அது வளைத்த இடத்தில் முறியும், பிளக்கின் பல்லை இறுக்கிப் பிடிக்காது, நம் கடற்காற்றுக்கு நெடுநாள் தாங்காது.

கேபிள் வெளிச்சுவரில் போக வேண்டுமானால் வெளியிடத்துக்கென்று வரும் கறுப்பு உறைக் கேபிளை வாங்குங்கள். சாதாரண சாம்பல் உறை, கச்சான் காலத்து வெயிலில் காய்ந்து வெடிக்கும். அளவை நூல் பிடித்து எடுங்கள், அந்த அளவோடு ஒவ்வொரு முனைக்கும் ஒரு மீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று: ஒரு கேபிள் போதும் என்ற இடத்தில் இரண்டு இழுத்துவிடுங்கள். வேலையில் முக்கால்வாசி வழி திறப்பதுதான். வழி திறந்த பிறகு இரண்டாவது கேபிளுக்கு ஆவது அதன் விலை மட்டுமே.

கேபிள் முனையில் போடும் ஆர்ஜே45 பிளக்குகள், அவற்றை நெரிக்கும் கிரிம்பிங் குறடு, கேபிளைச் சோதிக்கும் சின்ன டெஸ்டர், ஒரு கேபிளில் வருவதைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து துளை கிகாபிட் (1000 மெகாபிட்) சுவிட்ச் ஒன்று, மேல்மாடிக்கு இன்னொரு ரவுட்டர். இவ்வளவுதான். இரண்டாவது ரவுட்டர் புதிதாக இருக்க வேண்டியதில்லை. பழைய இணைப்பில் இருந்து மிஞ்சியது அலுமாரியில் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். அதன் பின்பக்கத் துளைகள் 100 மெகாபிட் என்றாலும் உங்கள் பெக்கேஜின் வேகம் அதற்குள் அடங்கினால் குறையே தெரியாது.

வழி பார்ப்பது

கொங்கிறீட் தளத்தையோ பீமையோ துளைக்காதீர்கள். கம்பி அறுபடலாம், பிறகு அந்த வழியே தண்ணீரும் கசியலாம். படிக்கட்டு ஏறும் இடம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அங்கே தளம் ஏற்கெனவே திறந்துதான் இருக்கும். படிக்கட்டுச் சுவரின் மூலையோடு பிவிசி கேசிங் அடித்து, அதற்குள் கேபிளைப் படுக்க வைத்து மூடினால் சுத்தமாக இருக்கும். கட்டும்போதே தொலைபேசிக்கென்று குழாய் புதைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மெல்லிய நைலோன் கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி மேலிருந்து விட்டால் கீழே வருகிறதா என்று தெரியும்.

எங்கள் வீட்டில் நேர்வழி சாமியறைச் சுவர் வழியாக இருந்தது. மாமி, “சாமியறைச் சுவரில கை வைக்க வேணாம் பிள்ளை” என்றார். சரி என்று விறாந்தைப் பக்கம் சுற்றி, படிக்கட்டு மூலையால் ஏற்றினோம். சில மீற்றர் கூடியது, அவ்வளவுதான். கேபிளுக்கு 100 மீற்றர் இடம் இருக்கும்போது பத்து மீற்றர் சுற்றுவதால் வேகம் ஒரு பொட்டும் குறையாது. வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்று சொன்ன சுவரை விட்டுவிடுங்கள்.

சுவரில் துளை போட வேண்டி வந்தால், லைட் சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் போடாதீர்கள். மின்வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் புதைந்திருக்கும். அந்த 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் இணையக் கேபிளை ஒருபோதும் போடக் கூடாது. பக்கத்தில் நெடுக ஓட வேண்டி வந்தால் ஒரு சாணாவது விட்டு ஓட்டுங்கள். குறுக்கே கடக்கும்போது நேர்செங்கோணத்தில் கடக்கட்டும். பிளக் போடாத கேபிளுக்கு 8 முதல் 10 மில்லிமீற்றர் துளை போதும். பிளக் போட்டே விற்கும் கேபிள் என்றால் துளையைப் பெரிதாக்க வேண்டி வரும். நீங்களே பிளக் போடப் பழகினால் நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வெளிச்சுவரில் துளை என்றால் உள்ளே இருந்து வெளியே சற்றுச் சரிவாக, வெளிவாய் தாழ இருக்கும்படி துளையுங்கள். வெளியே கேபிள் உள்ளே நுழையும் முன் அதை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்து நுழையுங்கள். மார்கழி மழையில் கேபிளோடு வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. பிளக்கோ இணைப்போ எதுவும் வெளியே இருக்கக் கூடாது. உப்புக் காற்றில் பிளக்கின் பற்கள் பச்சை பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் இணைப்பு ஒரேயடியாக நிற்பதில்லை, விட்டு விட்டு வரும். கண்டுபிடிப்பதற்கு அதுதான் மிகச் சிரமமான கோளாறு.

பிளக் போடுவது

இதைச் சற்று நின்று நிதானமாகச் சொல்கிறேன். வீட்டு வேலையில் பிழை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

கேபிளின் வெளியுறையை மூன்று சென்ரிமீற்றர் அளவுக்குச் சுற்றி வெட்டி உருவுங்கள். உள்ளே உள்ள கம்பியின் நிற உறையில் பிளேட் பட்டிருக்கக் கூடாது. பட்டிருந்தால் அந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். உள்ளே நான்கு சோடி இருக்கும், முறுக்கிய சோடிகள். அந்த முறுக்குத்தான் ஒரு சோடியின் இரைச்சல் அடுத்த சோடிக்குப் போகாமல் காக்கிறது. அதனால் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். பிரித்த கம்பிகளை விரலால் நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக இப்படி அடுக்குங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடி நடுவில் நீலச் சோடியை வைத்து இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். இரண்டு முனையிலும் பச்சை இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டால், பிழை ஒன்றுபோலவே இருப்பதால் டெஸ்டர் சரி என்று காட்டும், ஆனால் கேபிள் ஒழுங்காக ஓடாது.

எட்டையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தட்டையாக இறுக்கிப் பிடித்து, உறையில் இருந்து அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். பிளக்கின் நாக்கு கீழே பார்க்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடித்துத் தள்ளுங்கள். எட்டு நுனியும் பிளக்கின் முன் சுவரில் முட்டி நிற்பதை நேருக்கு நேர் பார்த்தால் செம்புப் புள்ளிகளாகத் தெரியும். வெளியுறையும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். குறடு நெரிக்கும்போது அந்த உறையைத்தான் கடித்துப் பிடிக்கிறது. உறை வெளியே நின்றால் கேபிளை இழுக்கும் பாரமெல்லாம் மெல்லிய கம்பிகளில் விழும். பார்த்தாயிற்றா, அப்புறம் நெரியுங்கள். மறு முனையிலும் அதே வரிசைதான்.

டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை இரண்டு பக்கமும் வரிசையாக எரிய வேண்டும். 1, 2, 3, 6 மட்டும் எரிந்தாலும் இணையம் வரும், ஆனால் 100 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. 1000 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும்.

மேலே என்ன செய்வது

கீழே உள்ள ஃபைபர் பெட்டியின் பின்னால், வீட்டுக் கணினிகளை இணைப்பதற்கான லான் (LAN) துளைகள் இருக்கும். அவற்றில் இருந்து நடுமாடிக்கு ஒரு கேபிள், மேல்மாடிக்கு ஒரு கேபிள் என்று தனித்தனியாக விடுவதே நல்லது. நடுமாடிச் சுவிட்ச் வழியாக மேல்மாடிக்கு விட்டால், நடுமாடியில் யாராவது பிளக்கைக் கழற்றினால் மேல்மாடியும் நின்றுவிடும். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டுமே 1000 மெகாபிட். அப்படியானால் அதை அதிக வேலை நடக்கும் மாடிக்குக் கொடுங்கள்.

மேல்மாடியில் மேசைக் கணினிகள் மட்டும் என்றால் சுவிட்ச் போதும். குத்தினால் ஓடும், எந்த அமைப்பும் தேவையில்லை. ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதே சுவிட்சில் தவறிக் குத்திவிடாதீர்கள். முழு வீட்டு இணையமும் திணறி நின்றுவிடும்.

வைஃபையும் வேண்டுமானால் பழைய ரவுட்டரை இப்படித் தயார் செய்யுங்கள். முதலில் அதை வீட்டு இணைப்பில் சேர்க்காமல், ஒரு கணினியோடு மட்டும் கேபிளால் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். கீழ்ப் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால், இதற்கு அதே வரிசையில் வேறு ஒன்று கொடுங்கள். கீழ்ப் பெட்டி கணினிகளுக்குத் தானாகப் பங்கிடும் எண்களுக்கு வெளியே அது இருக்க வேண்டும்; பங்கீடு 100 இல் தொடங்கினால் 192.168.1.2 பொருந்தும். பிறகு இந்த ரவுட்டரில் எண் பங்கிடும் வேலையை, அதாவது டிஎச்சிபியை (DHCP), நிறுத்துங்கள். ஒரு வீட்டில் எண் பங்கிடுகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை, வெளி இணையத்தை வாங்குவதற்கென்று இதில் இருக்கும் வான் (WAN) துளையில் குத்தாமல் லான் துளை ஒன்றில் குத்துங்கள். புதிய ரவுட்டர்களில் ஆக்சஸ் பொயின்ட் என்ற தெரிவு இருக்கும். அதைத் தொட்டால் இவ்வளவும் தானாக நடக்கும், அப்போது எந்தத் துளையிலும் குத்தலாம்.

இப்படிச் செய்வதால் மூன்று மாடியும் ஒரே வலையமைப்பு ஆகிவிடும். நடுமாடி அச்சுப்பொறிக்கு நான் மேலிருந்தே பில் அனுப்புகிறேன். வான் துளையில் குத்தினால் மேல்மாடி தனி வலையமைப்பாகி, கீழே இருக்கும் கணினிகளுக்கு மேலே உள்ளவை தெரியாமல் போகும்.

வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும் கீழேயும் மேலேயும் ஒன்றாகவே இருக்கட்டும். படியேறும்போது கைத்தொலைபேசி தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹேர்ட்ஸில் கீழே அலைவரிசை 1, நடுவில் 6, மேலே 11 என்று வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை.

மேல்மாடியை வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. அவர்களுக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். தனி ரவுட்டர் வைத்து, கேபிளை அதன் வான் துளையில் குத்தி, அதற்கு 192.168.10.1 போல வேறு வரிசை முகவரி கொடுங்கள். அவர்களின் கணினிகள் உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் பக்கத்தில் இருந்து உங்கள் பக்கம் எட்ட முடியும் என்பதை மறக்கக் கூடாது. உங்கள் கணினிகளில் கோப்புப் பகிர்வை நிறுத்திவிடுங்கள், கீழ்ப் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவு வைத்த பெக்கேஜ் என்றால், பகிர்ந்த பிறகு அது முன்பை விட வேகமாகத் தீரும். யாரும் படம் பார்க்காமலே தீரும். விண்டோஸ் கணினிகள் ஒவ்வொன்றும் பின்னணியில் அப்டேட்டை இறக்குவதே காரணம். அமைப்புகளில் அந்த இணைப்பை மீட்டர்ட் (metered, அளவு வைத்தது) என்று குறித்துவிட்டால் பெரிய இறக்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். கேபிள் இணைப்புக்கும் வைஃபைக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பிறகு வாரத்தில் ஒரு நாள் நீங்களே அப்டேட்டை இறக்குங்கள், அதை அடியோடு விட்டுவிடக் கூடாது.

மின்வெட்டும் இடியும்

கரண்ட் போனால் கீழ்ப் பெட்டிக்கும் மேல் ரவுட்டருக்கும் இரண்டுக்குமே மின்சாரம் வேண்டும். 12 வோல்ட் ரவுட்டர்களுக்கென்று சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியோடு சேர்ந்தால் மின்வெட்டிலும் வகுப்பு நடக்கும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வழியே மின்னல் வராது. ஆனால் வெளிச்சுவரில் ஓடும் செம்புக் கேபிள் மின்னலின் அதிர்ச்சியை வாங்கும். படிக்கட்டு வழியை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். முற்றத்தைத் தாண்டி இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோவதானால் செம்பு வேண்டவே வேண்டாம். ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் மாற்றிப் பெட்டியை (media converter) இரண்டு பக்கமும் வைத்து ஃபைபரே இழுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மேல்மாடிக் கணினியைக் கேபிளில் இணைத்து, விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிகாபிட் துளையாக இருந்தும் 100 என்று காட்டினால் ஏதோ ஒரு பிளக்கில் கம்பி பிடிக்கவில்லை. முதலில் மேல் முனைப் பிளக்கை வெட்டி மறுபடி போடுங்கள். அடுத்து, பதில் எவ்வளவு விரைவாக வருகிறது என்று காட்டும் பிங் (ping) கட்டளையை 192.168.1.1 க்கு அனுப்புங்கள். கேபிளில் பதில் ஒரு மில்லிவிநாடிக்குள் வர வேண்டும், ஒன்றும் தொலையக் கூடாது. அப்படி வந்தும் இணையம் மந்தமாக இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக் கேபிளில் இல்லை. கீழே போய் மடிக்கணினியை ஃபைபர் பெட்டியிலேயே நேராகக் குத்தி வேகத்தை அளந்து, அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு இணைப்புக் கொடுத்தவர்களுக்கு அழையுங்கள். பெட்டியில் நேராகக் குத்தி அளந்தது என்று சொன்னால் வைஃபையைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப அவர்களால் முடியாது.